கொக்கியில் தொங்கிய ஐம்பது கிலோ

கொழுந்து நிறுக்கிற கொக்கியை இரண்டு கைகளாலும் பிடித்து, காலை மடக்கிக்கொண்டு நான் தொங்கிக்கொண்டிருந்தேன். மடுவத்தின் தகரக் கூரையில் மழை அடித்தது. ஈரச் சாக்கின் வாடை, பச்சைக் கொழுந்தின் வாடை, கீழே நின்ற கணக்கப்பிள்ளை ஐயாவின் வெற்றிலை வாடை, எல்லாம் சேர்ந்து மூக்கில் ஏறியது.

"ஆடாத தாயி. முள்ளு நிக்க மாட்டேங்குது."

கொட்டகலைக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குத்தான் மடுவம் என்று பெயர். அங்கே தராசின் முகம் எப்போதும் கணக்கப்பிள்ளையைப் பார்த்திருக்கும். கொழுந்து கொண்டுவருகிற பெண்களுக்குத் தெரிவது அதன் முதுகு மட்டும்தான். புதிய எலக்ட்ரானிக் தராசு வந்துவிட்டதாகப் பத்திரிகைக்குச் சொல்லியிருக்கிறார்கள். வந்தது உண்மை. ஆபீசில் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது.

முள் நின்றது போலிருக்கிறது. கணக்கப்பிள்ளை கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு உரக்கச் சொன்னார்.

"அம்பது!"

நான் கீழே குதித்தேன். வரிசையில் கொழுந்துச் சாக்கோடு நின்ற அம்மா, தலைக்கயிற்றை இழுத்துவிட்டுக்கொண்டு கத்தினாள். "பாத்தியா? வீட்டுச் சோத்துல யாரும் ஊத மாட்டாங்கன்னு நான் சொல்லல?"

பின்னால் நின்ற பெண்கள் எல்லோரும் கைதட்டினார்கள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது. அது பொய்க் கணக்குக்குக் கிடைத்தது என்பது மறுநாள்தான் தெரிந்தது.

ஏன் ஐம்பது?

போன வாரம் இந்தப் பத்தியில் வந்த, என் மூக்கு உடைந்த கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி, 'பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் தேவையா' என்று கேட்டிருந்தார். அம்மா எட்டு வருடமாகக் கேட்கிற கேள்விதான். பதில் கிடைத்ததும் இருவருக்கும் சேர்த்து அனுப்புகிறேன்.

இந்த வாரம் எடை. தொழில்முறைக் குத்துச்சண்டையில் ஆளை அடிப்பது இரண்டாவது வேலை. முதல் வேலை தராசை ஏமாற்றாமல் ஜெயிப்பது. சண்டைக்கு முந்தின நாள் மாலை இருவரையும் ஏற்றி நிறுப்பார்கள். எனக்கு எழுதிய ஒப்பந்தம் ஐம்பது கிலோ. ஒரு துளி கூடினாலும் சண்டை இல்லை.

அதற்கு முன்பு எனக்கு ஏற்பாடான இரண்டு சண்டைகள் நடக்கவே இல்லை. ஒருத்திக்குத் திடீரென்று கல்யாணமாகிவிட்டது. இன்னொரு முறை மண்டபத்தைத் தளபாடக் கண்காட்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது சண்டைக்குச் சம்மதித்தபோது ஏற்பாட்டாளர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "தங்கச்சி, இது கடைசி. எடை கூடினா இனிமே உங்க பேர எவனும் பேச மாட்டான்."

எனக்குத் திரும்பிப் போகவும் இடமில்லை. கொழும்பில் புறக்கோட்டைப் புடவைக் கடையொன்றில்தான் வேலை பார்த்தேன். இந்தச் சண்டை உறுதியானதும், இனி உங்கள் புடவையை நீங்களே மடித்துக்கொள்ளுங்கள் என்று முதலாளியின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்திருந்தேன். அப்படிப் பேசிவிட்டு மறுபடி அந்தக் கடைப்படி ஏற முடியுமா?

அந்தக் கடைக்கு மேல்மாடியில்தான் குத்துச்சண்டைக் கூடம் இருந்தது. நாள் முழுக்கத் தலைக்கு மேலே தொம் தொம் என்று சத்தம். ஒருநாள் சண்டை பிடிக்கலாம் என்று மேலே ஏறிப் போனேன். மாஸ்டர் என்று எல்லோரும் கூப்பிடுகிற சிங்களப் பெரியவர் நான் கத்துவதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கையுறையை நீட்டி, "கோபம் நல்லா இருக்கு நங்கி. இங்க அடி" என்று தொங்கிய குத்துமூட்டையைக் காட்டினார். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி. சண்டை பிடிக்கப் போனவள் அங்கேயே தங்கிவிட்டேன்.

எனக்குப் பெயர் வைத்த கதை

மேடைக்கு ஒரு பட்டப்பெயர் வேண்டும் என்றார் ஏற்பாட்டாளர். என் தாய்மாமா ஹட்டன் பஜாரில் பலசரக்குக் கடையில் நிற்கிறார். போனில் கேட்டதும் யோசிக்கவே இல்லை. "மலைநாட்டுப் புலின்னு போடச் சொல்லு!" ஒலிபெருக்கியில் போட்டிருந்த போன் அது. கூடத்தில் இருந்த ஏழெட்டுப் பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். மாஸ்டருக்கு இருமல் வந்தது.

கொழும்பில் ஒரு மண்டபத்தில், மைக்கில், ஒரு தமிழ்ப் பெண்ணைப் 'புலி' என்று அறிவித்தால் முதலில் மேடைக்கு வருவது எதிராளி அல்ல என்பதை மாமாவுக்குப் புரியவைக்க எனக்குக் கால் மணி நேரம் பிடித்தது. சிறுத்தை என்றார். தோட்டத்தில் நாய் தூக்குகிற சிறுத்தையின் பெயர் எனக்கு வேண்டாம் என்றேன். கடைசியில் ஏற்பாட்டாளரே 'டீ குயின்' என்று வைத்துவிட்டார். நான் டீ குடிப்பதில்லை. அதை யாரும் கேட்கவில்லை.

வழியனுப்பு விழா

எடை பார்க்கும் வாரத்தில் எந்த முட்டாளாவது வீட்டுக்குப் போவாளா என்று மாஸ்டர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் எங்கள் தொழிற்சங்கத் தலைவர் எனக்கு வழியனுப்பு விழா ஏற்பாடு செய்துவிட்டார். பந்தலுக்குச் சொல்லியாயிற்று, பேனரும் அடித்தாயிற்று. பேனரில் தலைவர் கொழுந்து மலை அளவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய சட்டைப் பைக்குப் பக்கத்தில் தபால்தலை அளவில் இருந்தேன். 'நான் வரவில்லை' என்று சொன்னால் அம்மா அந்தத் தோட்டத்தில்தானே நாளைக்கும் காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும்?

மூன்று நாள் இருந்தேன். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீடு விடாமல் கூப்பிட்டார்கள். "ஒரு வாய்தான்", "எண்ணெயே போடலப்பா", "சாமி பிரசாதம், வேணாங்கக் கூடாது." குத்து வந்தால் விலகத் தெரியும். உருண்டை பிடித்து வாய்க்கு நேரே நீட்டுகிற கையிலிருந்து விலக மாஸ்டர் சொல்லித்தரவில்லை.

விழா நாள் காலையில் பயம் பிடித்துக்கொண்டது. தோட்டத்தில் வேறு தராசு ஏது? அதனால்தான் மடுவத்துக்குப் போய்க் கொக்கியில் தொங்கினேன். ஐம்பது என்றதும் எனக்குப் போன உயிர் வந்தது. கொழும்பை விட்டு வரும்போதும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருந்தேன். என் உடம்பு தங்கமான உடம்பு என்று நானே மெச்சிக்கொண்டேன்.

மாலையில் விழாவில் தலைவர் பேசினார். "இந்தத் தங்கை குத்துகிற ஒவ்வொரு குத்தும் நமது சங்கத்தின் குத்து!" என்று காற்றில் ஒன்று விட்டார். மாலை அறுந்து மைக்கில் விழுந்தது. வாங்குகிற குத்துகள் யாருடையவை என்று அவர் சொல்லவில்லை. சால்வைகள் போர்த்தினார்கள். சர்க்கரைப் பொங்கல் வந்தது, உளுந்து வடை வந்தது. ஐம்பதுதானே என்று நான் இரண்டையும் சாப்பிட்டேன். வடையை மறுபடியும் கேட்டு வாங்கினேன்.

மூன்றாவது கிலோ

அன்றிரவு ரயிலேறி விடியலில் கொழும்பில் இறங்கினோம். நாங்கள் என்றால் நானும் அம்மாவும். எடை பார்ப்பது அன்று மாலை. வந்த கையோடு மாஸ்டர் என்னைக் கூடத்துத் தராசில் ஏற்றினார். கண்ணாடித் தட்டு, சிவப்பு எழுத்து. அவர் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"நங்கி, இது என்ன?"

ஐம்பத்து மூன்றரை. இறங்கி ஏறினேன், கொலுசைக் கழற்றிவிட்டு ஏறினேன். ஐம்பத்து மூன்றரைதான்.

"மாஸ்டர், நேத்துக் காலையில அம்பதுதான் இருந்தேன். தோட்டத்துத் தராசுல பார்த்தேன். சத்தியமா!" எனக்கு அழுகை வந்துவிட்டது. தராசு கெட்டுவிட்டது என்று அவரிடமே சண்டை பிடித்தேன். அவர் தானே ஏறிக் காட்டினார். தராசு சரியாகத்தான் இருந்தது.

மூலையில் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மா தலையில் கை வைத்தாள்.

"ஐயோ, பாவி மனுசன்! கழிச்சிட்டுல்ல சொல்லியிருக்காரு!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தோட்டத்தில் வளர்ந்தவள் நான். எனக்கே மறந்துபோயிருந்தது. கொழுந்தை நிறுத்து முள் காட்டுவதை அப்படியே எந்தக் கணக்கப்பிள்ளையும் சொல்ல மாட்டார். சாக்குக்கு ஒரு கிலோ, மழைத் தண்ணீருக்கு ஒரு கிலோ கழிப்பார். மூன்றாவது கிலோவும் கழிப்பார். அது எதற்கென்று யாரும் கேட்டதில்லை. வருடக் கணக்காக மனதுக்குள்ளேயே கழித்துக் கழித்து, அவர் கண்ணே கழித்துப் பார்க்கப் பழகிவிட்டது. என்னையும் அப்படித்தான் நிறுத்திருக்கிறார். நான் சாக்கு.

"உனக்குத் தெரியாதாம்மா? பக்கத்துலதானே நின்ன?"

"கொழுந்துக்குக் கழிப்பாரு. பெத்த புள்ளைக்குமா கழிப்பாருன்னு நான் என்னத்தக் கண்டேன்?"

மாஸ்டருக்கு இதை விளக்க வேண்டியிருந்தது. நான் சிங்களத்தில் சொல்லி முடித்ததும் அவர் சிரிக்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். "தினமும் மூணு கிலோவா?" என்று தமிழில் கேட்டார்.

"தெனந்தானுங்க. ரெண்டு தடவ நிறுத்தா ரெண்டு தடவ" என்றாள் அம்மா, மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரி.

அவருக்கு அரைப்பேரைப் பற்றியும் சொன்னேன். சொல்லிய அளவு கொழுந்து இருந்தால்தான் அன்றைக்கு முழுப்பேர், முழுச் சம்பளம். ஒரு கிலோ குறைந்தாலும் அரைப்பேர்தான். மலை முழுக்க ஏறி இறங்கியவள் அரை மனுஷியாகிவிடுவாள். அம்மா எத்தனையோ நாள் அப்படி அரை மனுஷியாக வீட்டுக்கு வந்து, அடுப்பைப் பற்றவைக்காமல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள். சின்ன வயதில் அது களைப்பு என்று நினைத்திருந்தேன்.

படங்கு கட்டிய ராணி

ஒரு பகலுக்குள் மூன்றரை கிலோ இறங்க வேண்டும். இறங்காவிட்டால் புடவை மடிக்கக்கூட இடமில்லை. வியர்த்தே தீர வேண்டும் என்றார் மாஸ்டர்.

அம்மா மழைக்குப் பயந்து தன் பையைப் படங்கில் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். கொழுந்து பறிக்கிற பெண்கள் செடியின் ஈரம் படாமல் இடுப்பில் கட்டுகிற தடித்த பிளாஸ்டிக் சீலைதான் படங்கு. அதைப் பிரித்து என் நெஞ்சிலிருந்து முழங்கால்வரை இறுக்கிக் கட்டினாள். அதற்கு மேலே இரண்டு ஸ்வெட்டர். "ஓடு" என்றாள்.

கடற்கரைத் திடலில், கொழும்பு வெயிலில் ஓடினேன். குடைக்குள் ஒளிந்திருந்த காதல் ஜோடிகள் எல்லாம் குடையைத் தாழ்த்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். இறால் வடை விற்கிறவர், "தங்கச்சி, யாராச்சும் துரத்துறாங்களா?" என்று கேட்டார். வடைதான் துரத்துகிறது என்று சொல்ல மூச்சு இல்லை.

அம்மா கல் பெஞ்சில் உட்கார்ந்து, நான் கடந்து போகும் ஒவ்வொரு முறையும் கணக்கப்பிள்ளையின் குடும்பத்தில் ஒருவரைத் திட்டினாள். ஆரம்பத்தில் அவரை, பிறகு அவருடைய அப்பாவை. நான் கால் தடுக்கி விழுகிற நேரத்தில் அவருடைய பாட்டனைத் தாண்டியிருந்தாள். விழுந்தவளைத் தூக்கவந்து, முகத்தைத் துடைத்துவிட்டு, "போதும்டி, வேணாம். வீட்டுக்குப் போயிருவோம்" என்றாள். எட்டு வருடமாகக் குத்துச்சண்டையை நிறுத்தச் சொன்னவள் அவள். நான் நிறுத்த மாட்டேன் என்று தெரிந்த நாளில்தான் அப்படிக் கெஞ்சினாள். எனக்கு அவள் மேல் அவ்வளவு பாசம் பொங்கியது. எழுந்து ஓடினேன்.

ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மாலையில் என்னைக் கைத்தாங்கலாகத்தான் கொண்டுபோனார்கள். அதிகாரிகள், புகைப்படக்காரர்கள், தசைகளைக் காட்டிக்கொண்டு நிற்கும் எதிராளி. நான் தராசில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஐம்பது."

திறந்து பார்த்தேன். தராசின் முகம் என் பக்கம், எல்லோர் பக்கமும் திரும்பியிருந்தது. சரியாக ஐம்பது.

அம்மா கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னே வந்து அதிகாரியிடம் கேட்டாள். "ஐயா, எவ்வளவு கழிச்சீங்க?"

அவருக்குப் புரியவில்லை. மாஸ்டர் சிங்களத்தில் சொன்னார். ஒன்றும் கழிப்பதில்லை என்று தலையாட்டினார் அதிகாரி.

"ஒண்ணுமே கழிக்கலையா? போட்டிருக்கிற துணிக்குக்கூடவா?"

இல்லை என்றார் மாஸ்டர். அம்மா அந்தத் தராசையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் தண்ணீர்ப் போத்தலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

எடைக்கு எடை

மறுநாள் சண்டையைப் பற்றி எழுத அதிகம் இல்லை. ஆறு ரவுண்ட். புள்ளியில் ஜெயித்தேன். நடுவர்களுக்குச் சந்தேகம் இருந்தது, எனக்கும் இருந்தது. அம்மாவுக்கு மட்டும் இல்லை. படங்கு கட்டி ஓடியதற்கு முன்னால் அந்தப் பெண்ணின் குத்தெல்லாம் தடவிக்கொடுத்த மாதிரிதான். ஏற்பாட்டாளர் அடுத்த சண்டைக்கு அங்கேயே கை கொடுத்தார். மாஸ்டர் கூடத்தின் கண்ணாடித் தராசைத் துணியில் சுற்றி என் கையில் வைத்தார். "வீட்டுக்குப் போனாலும் இதில் ஏறு."

தோட்டத்தில் அடுத்த ஞாயிறு பாராட்டு விழா. அதே பந்தல். பேனரில் என் படம் கொஞ்சம் வளர்ந்திருந்தது. தலைவர் மைக்கைப் பிடித்து, தோட்ட நிர்வாகத்தோடு நீண்ட பேச்சுவார்த்தை நடத்தி ஒரு பரிசு வாங்கி வந்திருப்பதாகச் சொன்னார். எடைக்கு எடை தேயிலைத்தூள். மேடையில், தோட்டத்தில் எல்லோரும் துரை என்று கூப்பிடுகிற மேனேஜர், கழுத்தை இறுக்கும் டையோடு சிரித்தார்.

மடுவத்துத் தராசைக் கொண்டுவந்து பந்தல் கம்பத்தில் கட்டியிருந்தார்கள். கொக்கியில் ஒரு பலகை ஊஞ்சல், அதற்குச் செவ்வந்தி மாலை. நான் ஏறி உட்கார்ந்தேன். நிறுப்பவர் வேறு யார்? கோட்டுப் போட்டுக்கொண்டு கணக்கப்பிள்ளை ஐயா. அறிவிப்பாளர் மைக்கை அவர் வாய்க்கு நேரே பிடித்தார்.

"நாப்பத்தொம்பது!"

கைதட்டல் கிளம்பியது. அம்மா எழுந்தாள். "அம்மா, உக்காரு" என்று ஊஞ்சலில் இருந்தே பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். நாளைக்குப் பெரட்டில் இவளுக்குப் பேர் போட வேண்டியவர்கள் எல்லோரும் மேடையில் இருக்கிறார்கள். அவள் வந்து, துணியைப் பிரித்து, கண்ணாடித் தராசைத் தலைவரின் காலடியில் வைத்தாள்.

"எறங்கி இதுல ஏறு."

ஏறினேன். சிவப்பு எழுத்தை முன்வரிசைப் பிள்ளைகள் சேர்ந்து படித்தார்கள். "அம்பத்திரெண்டு!"

கைதட்டல் நின்றது.

"ஐயா," என்றாள் அம்மா கணக்கப்பிள்ளையிடம், மரியாதை குறையாமல். "எம் புள்ளையில மூணு கிலோவ எங்க வச்சீங்க?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. பதறிப்போய், வாய்க்கு நேரே மைக் இருப்பதை மறந்து சொல்லிவிட்டார். "கோவிச்சுக்காத தாயி. பழக்கத்துல கழிச்சிட்டேன்."

நான்கு ஒலிபெருக்கிகள் கட்டியிருந்தார்கள். மேல் லயம், கீழ் லயம், ரோட்டில் நின்ற பஸ், எல்லோரும் அதைக் கேட்டார்கள்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்தாள். "எனக்கு நேத்து அரைப்பேர்தான் போட்டாங்க. அதுல எத்தன கிலோ பழக்கத்துல போச்சு?" அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். துரை டையைத் தளர்த்தினார். தலைவர் மைக்கைப் பிடுங்கி, தராசு மிகவும் பழையது, அதை மாற்றுவதற்குத் தானே நேரில் பேச்சுவார்த்தை நடத்தப்போவதாக அறிவித்தார். யாரும் கைதட்டவில்லை. நன்றியுரை நடக்கவில்லை. தேயிலைத்தூள் மூட்டைகளை வந்த லொறியிலேயே திருப்பி ஏற்றினார்கள்.

திங்கட்கிழமை அம்மா கொழுந்துச் சாக்குக்குள் கண்ணாடித் தராசை வைத்துக்கொண்டு மலைக்குப் போனாள். அன்று மடுவத்தில் முள் பெண்கள் பக்கம் திரும்பியிருந்தது. யாருக்கும் எதுவும் கழிக்கவில்லை. அம்மாவுக்கு முழுப்பேர். மாலையில் வந்து, வந்ததும் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அடுத்த வாரம் ஒரு கிலோ கழித்தார்களாம். சாக்குக்காம். அம்மா மறுபடியும் கண்ணாடித் தராசைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். என் சண்டை ஆறு ரவுண்டில் முடிந்துவிட்டது. அவளுடையது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.